மீனைப் புரட்டிப் பார்த்தல்: ஆண், பெண் பிரித்தறியப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எங்கள் குடும்பத்து வயற்காணியின் பள்ளமான மூலையில் முதன்முதலாக ஒரு மீன் தடாகம் வெட்டியபோது, ஆண் திலாப்பியாவை மட்டுமே வளர்ப்பது என்று தீர்மானித்திருந்தோம். ஆண் விரைவாகப் பருக்கும் என்பதும், பெண் கலந்துவிட்டால் தடாகம் குஞ்சுகளால் நிரம்பிவிடும் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தன. எது ஆண், எது பெண் என்று பிரிக்கும் முறை மட்டும் தெரிந்திருக்கவில்லை. கறுத்தவை ஆண், வெளிறியவை பெண் என்று கேள்விப்பட்டதை நம்பி, கறுத்தவற்றை மட்டும் பொறுக்கித் தடாகத்தில் விட்டோம். ஐந்து மாதங்களின் பின் வலையை இழுத்தபோது, விரல் நீளக் குஞ்சுகள் வலை நிறைய வந்தன; விற்கக்கூடிய அளவில் இருந்தவை சொற்பமே. ஒரு போகத்துத் தீனிச் செலவு முழுவதும் அந்தக் குஞ்சுகளின் வயிற்றுக்குள் போயிருந்தது.

அந்த இழப்புக்குப் பிறகுதான் வாவியில் நாற்பது வருடங்களுக்கு மேல் வலை வீசிய பெரியப்பா ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். "நிறத்தப் பாராத மனே, புரட்டி வயித்துக்குக் கீழ பாரு" என்று சொல்லி, வாளியில் கிடந்த மீனொன்றை எடுத்து மல்லாத்திக் காட்டினார். அன்று அவர் காட்டியதையும், பின்னர் நானே தடாகக் கரையில் நின்று பழகியதையும், புதிதாக மீன் வளர்ப்பில் இறங்கும் தம்பி, தங்கைமாருக்காக இங்கே எழுதுகின்றேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பலர் கையாளும் மீன் திலாப்பியா என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். மற்றவை அவற்றுக்குரிய அளவில் பின்னால் வருகின்றன.

நிறமும் வயிறும் ஏன் ஏமாற்றுகின்றன

மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. யப்பான் மீன் என்று சிலர் இன்றும் அழைக்கும் இந்த மீனில், இனப்பெருக்கத்துக்குத் தயாராகித் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஆண், உடல் முழுதும் கரிய நிறம் பூண்டு, தொண்டையும் தாடையின் கீழ்ப்பகுதியும் வெளுத்து, முதுகுச் செட்டையினதும் வாற்செட்டையினதும் ஓரங்கள் சிவந்து காணப்படும். அதன் வாயும் பெரிதாகி, மேலுதடு தடித்து, நெற்றியிலிருந்து வாய் வரையுள்ள கோடு உட்குழிந்து தெரியும். பெண் சாம்பலும் மஞ்சளும் கலந்த வெளிறிய நிறத்தோடு, விலாவின் நடுவே மங்கிய சில புள்ளிகளைக் கொண்டிருக்கும். இவ்வளவும் உண்மையே. ஆனால் இவை தடாகத்தில் தலைமை பெற்ற ஆணுக்கே உரிய அடையாளங்கள். அதே வயதில் அதே தடாகத்தில் இருக்கும் ஏனைய ஆண்கள், வலிய ஆணின் தாக்குதலிலிருந்து தப்பவோ என்னவோ, பெண்ணைப் போலவே வெளிறிய நிறத்தில் ஒதுங்கி வாழும். மறுபுறம், வலையில் அகப்பட்டுப் பதற்றமடைந்த பெண்ணும் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். எனவே நிறத்தை வைத்துப் பொறுக்கியபோது, எங்களுடைய பிழை இரு பக்கமும் நடந்தது: நல்ல ஆண்களை வேண்டாமென்று ஒதுக்கினோம், கறுத்துப்போன பெண்களை ஆணென்று நம்பித் தடாகத்தில் விட்டோம்.

வயிற்றின் பருமனும் அப்படித்தான். காலையில் தவிடு நிறையத் தின்ற ஆணின் வயிறும் சினைப்பட்ட பெண்ணின் வயிறும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். தீனி கொடுக்காமல் ஒரு நாள் விட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் ஓரளவு புலப்படும். அப்போதும் சினைப்படாத பெண்ணை அதனால் அடையாளம் காண முடியாது.

நைல் திலாப்பியாவில் நிலைமை இன்னும் கடினமானது. அதன் வாற்செட்டையில் செங்குத்தான ஒழுங்கான கோடுகள் இரு பாலுக்கும் உண்டு. ஆண் இனப்பெருக்கக் காலத்தில் சற்றுச் செந்நிறம் பூணுவதைத் தவிர, தொலைவிலிருந்து பார்த்துச் சொல்லத்தக்க வேறுபாடு குறைவு. கலப்பினங்கள் என்றால் இந்த அடையாளங்களும் குழம்பிவிடும். ஆகவே நிறத்தை ஒரு முன்னறிவிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை மீனின் அடிப்பக்கத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மீனின் எடை மிக முக்கியம். 30 கிராமுக்குக் குறைந்த திலாப்பியாவில் கழிவுத் துவாரத்தின் அமைப்பு இன்னும் தெளிவாக உருவாகியிருக்காது. கைபழகியவர்கள் 20 கிராம் மீனையும் பிரித்துவிடுவார்கள். புதியவர் 40 அல்லது 50 கிராம் வரும்வரை காத்திருப்பதே நல்லது. அதற்காக மிகவும் தாமதிக்கவும் கூடாது. மொசாம்பிக் திலாப்பியா தடாகத்தில் விட்டு இரண்டு, மூன்று மாதங்களிலேயே சிறிய உடலோடு முட்டையிடத் தொடங்கிவிடும் என்பதால், அதைப் பிரிக்கும் வேலையை அந்தக் காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் பத்து மீன்களை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி எடை கிடைக்கும்.

பிரிக்கும் நாளுக்கு முதல் நாள் தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு வெறுமையாக இருந்தால் மீன் களைப்பைத் தாங்கும். கையில் பிடிக்கும்போது கழிவு வெளிவந்து நாம் பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கவும் மாட்டாது. வேலையை அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது அவசியம். நம் பகுதியில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே வாளித் தண்ணீர் சுட்டுவிடும். அந்தத் தண்ணீரில் நின்ற மீன் மறுநாள் மிதக்கும்.

வேண்டிய பொருட்கள் எளியவை. மீனை அள்ள முடிச்சில்லாத மெல்லிய வலையில் செய்த அத்தாங்கு, தடாகத்துத் தண்ணீரையே நிரப்பிய மூன்று பெரிய வாளிகள் அல்லது பேசின்கள், நனைத்துப் பிழிந்த ஒரு பருத்தித் துவாய், ஒரு பூதக்கண்ணாடி, பஞ்சு சுற்றிய சில குச்சிகள், சிறிதளவு நீல நிற உணவுச் சாயம் ஆகியவை போதும். மூன்று வாளிகளில் ஒன்று பிரிக்கப்படாத மீனுக்கும், ஒன்று ஆணுக்கும், ஒன்று பெண்ணுக்கும் உரியது. சந்தேகமானவற்றுக்கு நான்காவது வாளி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் சந்தேகமானவற்றைப் பெண் வாளியிலேயே போட்டுவிடுவேன், ஏனென்றால் ஆண் தடாகத்துக்குள் ஒரு பெண் போவதால் வரும் நட்டம், ஓர் ஆணை இழப்பதால் வரும் நட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது.

சாயத்துக்கு ஜென்ஷன் வயலட், மெதிலீன் நீலம் போன்றவற்றைப் பயன்படுத்தும்படி சில பழைய குறிப்புகள் கூறும். உண்பதற்காக வளர்க்கும் மீனில் அவற்றைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். உணவுச் சாயம் அதே வேலையைச் செய்கிறது.

மீனைப் பிடிக்கும் முறை

கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் உடலிலுள்ள வழுவழுப்பான படையை உரித்துவிடும். அந்தப் படை போன இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். திலாப்பியாவின் முதுகுச் செட்டை முள்ளுகள் கூரியவை. ஆகவே வலது கையைத் தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி மெதுவாக வருடிக்கொண்டுபோனால் முள்ளுகள் மடங்கிப் படிந்துவிடும். வாலிலிருந்து தலைக்கு வருடினால் முள் உள்ளங்கையில் ஏறும். வாவித் தண்ணீரோடு சேர்ந்து அந்தக் காயம் பல நாள் வலிக்கும்.

முள்ளுகள் படிந்தபின், மீனின் முதுகு உங்கள் இடது உள்ளங்கையில் பொருந்துமாறும் வயிறு மேலே பார்க்குமாறும் மல்லாத்திப் பிடியுங்கள். தலை உங்கள் மணிக்கட்டுப் பக்கமும் வால் விரல்களின் நுனிப்பக்கமும் இருக்கட்டும். ஈரத்துவாயின் ஒரு முனையால் அதன் கண்களை மூடிவிட்டால் பெரும்பாலான மீன்கள் துள்ளுவதை நிறுத்திவிடும். வயிற்றை நசுக்காதீர்கள். ஒரு மீனைத் தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்; அதற்குள் முடிவு வராவிட்டால் தண்ணீரில் விட்டுச் சற்று நேரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

எங்கே, எதைப் பார்ப்பது

மீனின் வயிற்றின் நடுக்கோட்டில் வாலை நோக்கி வந்தால், குதச்செட்டை, அதாவது வாலுக்கு முன் அடிப்பக்கத்திலுள்ள செட்டை, தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய வட்டத் துவாரம் தெரியும். அதுதான் மலவாய், இரு பாலிலும் அது ஒரே மாதிரியே இருக்கும். அதற்கு உடனே பின்னால், அதாவது குதச்செட்டைப் பக்கமாக, ஒரு சிறிய சதைமுனை எழுந்து நிற்கும். முழு வேலையும் இந்தச் சதைமுனையைப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

ஆணில் அந்தச் சதைமுனை சற்று நீண்டு, நுனி கூம்பி, கூராக முடியும். அதன் நுனியில் ஒரே ஒரு துவாரம் உண்டு. சிறுநீரும் விந்தும் அந்த ஒரே வழியாகவே வெளிவரும். ஆகவே மலவாயோடு சேர்த்து ஆணுக்கு இரண்டு துவாரங்கள். பெண்ணில் சதைமுனை குட்டையாகவும் அகலமாகவும், நுனி உருண்டும் இருக்கும். அதன் நடுப்பகுதியில் குறுக்காக, பிறைபோல வளைந்த ஒரு மெல்லிய கீற்று காணப்படும். முட்டை வெளிவரும் வழி அதுவே. சிறுநீருக்கான துவாரம் அந்தக் கீற்றுக்கும் அப்பால் முனையின் நுனியில் தனியாக இருக்கிறது. எனவே பெண்ணுக்கு மொத்தம் மூன்று துவாரங்கள்.

புத்தகங்கள் "இரண்டு துவாரமா, மூன்று துவாரமா என்று எண்ணுங்கள்" என்று எழுதுவதைப் படித்துவிட்டு, புதியவர்கள் எண்ணுவதற்கு முயன்று குழம்பிப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெண்ணின் சிறுநீர்த் துவாரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதனால் எண்ண வேண்டாம். குறுக்குக் கீற்று உண்டா இல்லையா என்று மட்டும் பாருங்கள். கீற்று இருந்தால் பெண். கீற்று இல்லாமல் முனை கூராக நீண்டிருந்தால் ஆண். கீற்றும் தெரியவில்லை, முனையும் உருண்டிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இளம் பெண்ணாக இருக்கும். பெண் வாளியில் போடுங்கள்.

கீற்றைக் கண்டுகொள்ள உணவுச் சாயம் பெரிதும் உதவும். பஞ்சுக்குச்சியைச் சாயத்தில் தொட்டு, சதைமுனையின் மேல் ஒரு தடவை மெதுவாகப் பூசி, ஈரத்துவாயால் ஒற்றியெடுத்தால், மேற்பரப்பிலிருந்த சாயம் போய்விடக் கீற்றுக்குள் இறங்கிய சாயம் மட்டும் நீலக்கோடாக நின்றுவிடும். முதல் ஐம்பது மீனுக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். பின்னர் கண் தானாகவே பழகிவிடும். சாயம் சந்தேகமானவற்றுக்கு மட்டும் போதும்.

முதிர்ந்த மீனில் இன்னொரு சோதனையும் உண்டு. மார்புச்செட்டைக்குப் பின்னாலிருந்து மலவாயை நோக்கிப் பெருவிரலால் மிக மெல்ல வருடினால், தயார் நிலையிலிருக்கும் ஆணிலிருந்து பால்போன்ற ஒரு துளி விந்து வெளிவரும். பெண்ணில் அவ்வாறு வராது. முட்டை முற்றியிருந்தால் ஒன்றிரண்டு மஞ்சள் முட்டைகள் வெளிப்படலாம். இதைத் தாய் மீன்களைத் தெரிவு செய்யும்போது மட்டும் செய்யுங்கள். எல்லா மீனையும் அப்படி அழுத்திப் பார்ப்பது தேவையற்ற துன்பம்.

இவை தவிர, மீனைப் பிடிக்காமலே தடாகத்தைப் பார்த்து அறியக்கூடியவை இரண்டு உள்ளன. ஆண் திலாப்பியா அடிமண்ணில் வட்டமான குழி பறித்து, அதன் மேல் நின்று காவல் காக்கும். தண்ணீர் தெளிந்திருக்கும் வேளையில் கரையோரத்தில் அந்தக் குழிகளைக் காணலாம். பெண் தான் இட்ட முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கச் செய்யும். அந்த நாட்களில் அதன் கன்னங்களும் தொண்டையும் உப்பி, வாய் இறுக மூடியிருக்கும், தீனிக்கும் வராது. பெண் ஏன் ஆணைவிட மெதுவாக வளர்கிறது என்பதற்கு விடையும் இதிலேயே உண்டு. தின்ற தீனியின் பெரும்பங்கை முட்டைக்குச் செலவிடுவதோடு, வாயில் குஞ்சுகள் உள்ள காலம் முழுதும் அது பட்டினி கிடக்கிறது. வலையில் அத்தகைய பெண் அகப்பட்டால் முட்டைகளைத் துப்பிவிடும் என்பதால், வாளியின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கண்டால் அந்த வாளியில் பெண் இருக்கிறதென்று உறுதியாகக் கொள்ளலாம்.

கறிக்கு வாங்கும் மீனில் பழகுங்கள்

உயிருள்ள மீனை வைத்துப் பழகுவதற்கு முன், சந்தையில் வாங்கும் மீனை வைத்துப் பழகுவதே நான் கண்ட மிகச் சிறந்த வழி. உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் ஆகிய குளங்களிலிருந்து வரும் திலாப்பியா களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் கிடைக்கிறது. உள்ளங்கை அளவுள்ள இருபது மீன்களை வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, ஆண் அல்லது பெண் என்று ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதுங்கள். பிறகு வீட்டில் மீன் வெட்டும்போது அருகில் உட்கார்ந்து வயிற்றுக்குள் பாருங்கள். முதுகெலும்பை ஒட்டி இரண்டு மெல்லிய வெண்ணிற அல்லது இளஞ்சிவப்பு நிற நாடாக்கள் இருந்தால் அது ஆண். மஞ்சள் நிறத்தில் மணிமணியாக முட்டை நிறைந்த இரு பைகள் இருந்தால் அது பெண். நீங்கள் எழுதியதையும் உள்ளே கண்டதையும் ஒப்பிட்டால் எங்கே தவறினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

எனக்கு முதல் தடவை இருபதில் பதினான்கு மட்டுமே சரியாக வந்தன. நான்காம் வாரத்தில் பத்தொன்பது வந்தன. வீட்டில் மீன் வெட்டும் அம்மாவுக்கோ மனைவிக்கோ இது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் இந்த நான்கு வாரப் பயிற்சியைச் செய்தவரும் செய்யாதவரும் தடாகக் கரையில் நின்று வேலை செய்யும்போது காணப்படும் வேறுபாடு மிகப் பெரியது. சமையலறையில் பெண்கள் பலருக்கு இந்த அறிவு ஏற்கெனவே கைவசம் உண்டு. சினை மீனைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடும் எத்தனையோ அம்மாமாரை நான் அறிவேன். அவர்களிடம் கேட்டுப் பழகுவதில் தயக்கம் வேண்டாம்.

பிரித்தபின் ஒரு மாதம் கழித்து ஆண் தடாகத்தில் மீண்டும் ஒருமுறை வலை போட்டு, எல்லா மீன்களையும் இரண்டாம் தடவை பாருங்கள். மீன் வளர்ந்திருப்பதால் கீற்று இப்போது நன்றாகத் தெரியும். முதல் தடவையில் நூற்றுக்கு ஐந்து தவறியிருந்தாலும் அது கணக்கில் சிறியதல்ல. ஒரு பெண் ஒரு தடவையில் சில நூறு குஞ்சுகளை விடும். நல்ல தீனியும் இளஞ்சூடான தண்ணீரும் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் முட்டையிடும். இரண்டாம் தடவையும் தப்பிவிடும் ஒன்றிரண்டு பெண்களின் குஞ்சுகளைத் தின்பதற்காகச் சிலர் சில விரால்களைத் தடாகத்தில் சேர்த்து விடுவதுண்டு. விரால், நாம் வளர்க்கும் திலாப்பியாவைவிடச் சிறியதாக இருந்தால் மட்டுமே இந்த ஏற்பாடு பயன்படும்.

எல்லாம் ஆண் என்று சொல்லி விற்கப்படும் குஞ்சுகளும் உண்டு. முதல் மூன்று, நான்கு வாரங்களில் தீனியோடு ஹோர்மோன் கலந்து கொடுத்து உருவாக்கப்படும் அத்தகைய குஞ்சுகளிலும் சில பெண்கள் எஞ்சுவதுண்டு என்பதால், வளர்ந்தபின் முப்பது, நாற்பது மீன்களையாவது எடுத்து மேற்கூறியவாறு பார்த்துக்கொள்வது நல்லது.

ரோகு, கட்லா, மிரிகால் முதலிய கெண்டைகள்

இங்கினியாகலையில் நெக்டா எனப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் மீன் இனப்பெருக்க நிலையம் இருப்பதால், அம்பாறைப் பக்கத்தில் இந்தக் கெண்டைகளைப் பலரும் அறிவார்கள். இவற்றில் துவாரத்தைப் பார்ப்பதைவிட மார்புச்செட்டையைத் தடவிப் பார்ப்பதே எளிய வழி. பருவமடைந்த ஆணின் மார்புச்செட்டையின் உட்புறம், அதாவது உடலைப் பார்த்த பக்கம், இனப்பெருக்கக் காலத்தில் மணற்றாள் போலச் சொரசொரக்கும். பெண்ணில் அது வழுவழுப்பாகவே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினாலும் இந்த வேறுபாடு தெரியும். அதே காலத்தில் பெண்ணின் வயிறு மெத்தென்று பருத்து, மலவாய்ப் பகுதி வீங்கிச் சிவந்திருக்கும். ஆணின் வயிறு தட்டையாக இருப்பதோடு, மெல்ல வருடினால் விந்து வழியும்.

பருவம் வராத கெண்டையில் இந்த அடையாளங்கள் எதுவும் இல்லை. மழைக்காலம் கடந்து இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் செட்டையின் சொரசொரப்பும் மறைந்துவிடும். ஆகவே ஒரு கிலோ ரோகுவைக் கையில் வைத்துக்கொண்டு வருடத்தின் எந்த மாதத்திலும் பால் சொல்லிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வெள்ளிக் கெண்டை மட்டும் விதிவிலக்கு. அதன் ஆணில் மார்புச்செட்டையின் முன் கதிர்களில் சீப்புப் பற்கள் போன்ற கூரிய வரிசை ஒருமுறை உருவானால் நிலைத்துவிடும்.

சுங்கானும் கெளுத்தியும்

கெளுத்தி இனத்தைச் சேர்ந்த சுங்கானைக் கையாளும் புதியவர் முதலில் அதன் மார்புச்செட்டை முள்ளை அறிந்துகொள்ள வேண்டும். அந்த முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கை முழுதும் கடுக்கும். தடித்த ஈரத்துணியால் தலையையும் இரு முள்ளுகளையும் சேர்த்துப் பிடித்தபின்பே புரட்டுங்கள். ஆணின் சதைமுனை நீண்டு கூர்மையாகவும், பெண்ணினது உருண்டு நடுவில் பிளவுள்ளதாகவும் இருக்கும். குளத்துக் கெளுத்தி வகைகள் சிலவற்றிலும் இதே அமைப்புத்தான்.

தொட்டி மீன்கள்

கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்களில் பிரிப்பு மிக எளிது. ஆணின் குதச்செட்டை ஒரு சிறு கோல்போல ஒடுங்கிப் பின்னோக்கிக் கிடக்கும். பெண்ணினது விசிறிபோல விரிந்திருக்கும். பெண் கப்பியின் குதச்செட்டைக்கு மேலே கரிய புள்ளியொன்றும் தெரியும். பிறந்த நான்காம் வாரமளவில் ஆணின் செட்டை மாறத் தொடங்கும் என்பதால் அப்போதே பிரித்துவிடுங்கள். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தபின் விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே மீண்டும் மீண்டும் குட்டி போடும். கடையிலிருந்து பெண்ணை மட்டும் வாங்கி வந்தவர்கள் தொட்டியில் குட்டிகளைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

பைட்டர் மீனில் நீண்ட செட்டையும் கடும் நிறமும் ஆணுக்குரியவை என்றாலும், செட்டை குட்டையான வகைகளில் அது உதவாது. பெண்ணின் வயிற்றின் கீழே மலவாய்க்குப் பின்னால் உப்புக்கல் போன்ற வெண்புள்ளி இருக்கும். மிக இளம் ஆண்களிலும் அது சிலவேளை தோன்றுவதால் வளர்ந்தபின் பார்ப்பதே சரி. ஆண் பூமூடியை, அதாவது செவுளின் மூடியை, விரித்துச் சிலிர்க்கும்போது அதன் கீழே தாடி போன்ற சவ்வு பெரிதாகத் தெரியும். குராமியில் ஆணின் முதுகுச் செட்டை நீண்டு கூராகவும், பெண்ணினது குட்டையாக உருண்டும் இருக்கும். தங்கமீனில் பருவமடைந்த ஆணின் பூமூடியிலும் மார்புச்செட்டையின் முன்கதிரிலும் வெண்மணிகள் போன்ற புள்ளிகள் எழும். இவற்றை நோயென்று எண்ணி மருந்து ஊற்றிவிடாதீர்கள். வெண்புள்ளி நோயில் புள்ளிகள் உடல் முழுதும் ஒழுங்கின்றிப் பரவும், இங்கே அவை அந்த இரண்டு இடங்களிலும் வரிசையாக நிற்கும். ஏஞ்சல் மீனில் முட்டையிடும் சமயத்தில் வெளிவரும் சிறு குழாய் பெண்ணில் தடித்து மழுங்கியும் ஆணில் மெலிந்து கூர்ந்தும் இருக்கும். மற்ற நாட்களில் அதைப் பிரிக்க முயல்வது வீண்.

வாவியிலும் கடலிலும்

பெயரிலேயே மீனை வைத்திருக்கும் பாலமீன்மடுவிலோ வாழைச்சேனைத் துறையிலோ நின்று பார்ப்பவருக்கு மிக உறுதியான அடையாளத்தைத் தருபவை சுறாவும் திருக்கையும். ஆணின் இடுப்புச்செட்டைகளின் உட்புறத்தில் இரு கோல் போன்ற உறுப்புகள் பின்னோக்கி நீண்டிருக்கும். பெண்ணில் அவை இல்லை. குட்டியாக இருக்கும்போதே இது தெரியும். இளம் ஆணில் அவை குட்டையாகவும் மென்மையாகவும், முதிர்ந்ததில் நீண்டு விறைப்பாகவும் இருக்கும். கடற்குதிரையில் வயிற்றின் கீழ்ப் பையைக் கொண்டது ஆண். பெண் இடும் முட்டைகளை அந்தப் பையில் சுமந்து குட்டிகளை வெளிவிடுவதும் அதுவே. நண்டு மீனல்ல என்றாலும் வாவிக்கரையில் பழகுபவர் கேட்கும் முதற்கேள்வி அதைப் பற்றியதாகவே இருக்கும் என்பதால் ஒரு வரி: வயிற்றின் கீழ் மடிந்திருக்கும் மூடி ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று உருண்டிருந்தால் பெண்.

கொடுவாவிலும் கலவாயிலும் புதியவர்கள் பெரிதும் தடுமாறுவதற்குக் காரணம், அவற்றின் பால் நிலையானதன்று என்பதே. கொடுவா ஆணாக முதிர்ந்து, சில வருடங்களின் பின் உடல் பெருத்ததும் பெண்ணாக மாறுகின்றது. எனவே சிறிய கொடுவாக்களுக்குள் பெண்ணைத் தேடிப் பயனில்லை. ஒரு மீற்றரை எட்டும் பெருங்கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்களே. இனப்பெருக்கக் காலத்தில் ஒரே நீளமுள்ள இரண்டை ஒப்பிட்டால், ஆணின் உடல் மெலிந்து மூக்கு சற்று வளைந்தும், பெண்ணின் வயிறு பருத்து எடை கூடியும் காணப்படும். கலவாயில் இது நேரெதிர். அது பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாகும். பாசிக்குடாப் பவளப்பாறைகளில் காணும் கிளிமீன்களில் பலவும் அவ்வாறே பெண்ணிலிருந்து ஆணாக மாறுபவை. மாறும்போது நிறமும் மாறிவிடும்.

மணலை, திரளி போன்றவற்றிலும், மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடும், நம் வாவியிலும் வாழும் முத்துப்புள்ளி மீனிலும், சினைக்காலம் தவிர்ந்த நாட்களில் வெளியிலிருந்து பால் சொல்ல முடியாது. முத்துப்புள்ளி மீன் சோடியாக நின்று முட்டையைக் காக்கும்போது, சதைமுனை அகன்று சிவந்திருப்பது பெண், ஒடுங்கிக் கூர்ந்திருப்பது ஆண் என்று கொள்ளலாம். சோடி சேராத நாளில் பிடித்த மீனுக்கு, "தெரியவில்லை" என்று குறிப்புக் கொப்பியில் எழுதிவிடுங்கள்.

அந்தக் கொப்பியைத் தடாகக் கரையிலேயே, மழையில் நனையாத பையொன்றில் வைத்திருங்கள். பிரித்த திகதி, மீனின் சராசரி எடை, ஆண், பெண், சந்தேகம் என்று மூன்று எண்ணிக்கைகள், ஒரு மாதம் கழித்து இரண்டாம் தடவை பார்த்தபோது ஆண் தடாகத்தில் அகப்பட்ட பெண்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் எழுதுங்கள். என்னுடைய கொப்பியில் அந்தக் கடைசி எண் முதல் வருடம் பதினொன்றாகவும், மூன்றாம் வருடம் இரண்டாகவும் இருக்கிறது.